குப்பை என்று யார் சொன்னது?

கேள்வி: பிரிட்டிஷ் பாடகர் கேரி நியூமன் என்றாலே சிந்தசைசர் என்ற மின்னொலிக் கருவிதான். ஆனால் 1978-ல் அவர் பங்க் என்ற முரட்டு ராக் பாணியில் கிதார் வைத்துப் பதிவு செய்த பாட்டுகளை 1984-ல் ‘தி ப்ளான்’ என்று இசைத்தட்டாக்கினார்கள். பிறகு குறுந்தகடாகவும் போட்டார்கள். கலைஞன் தாண்டிப்போன குப்பையைக் கிளறிக் காசாக்குவது நியாயமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: காரைக்குடியில் இருந்துகொண்டு குப்பை என்ற சொல்லை இவ்வளவு அலட்சியமாக எழுதலாமா? உங்கள் மாவட்டத்திலேயே நெற்குப்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். நெல்லும் குப்பை, உப்பும் குப்பை, மணியும் குப்பை. நகராட்சி வண்டி வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு நாற்றம் பிடித்தது. சொறி சிரங்குக்குக் குப்பைமேனியை அரைத்துப் பூசிக்கொண்டு வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, நியூமன். அவருடைய இயற்பெயர் கேரி வெப். மஞ்சள் பக்கங்களில் நொய்மன் (Neumann) என்று ஒரு பெயரைப் பார்த்து, தட்டிக் கொட்டித் தன் பெயராக்கிக்கொண்டார். 1978-ல் வயது இருபது. டியூப்வே ஆர்மி என்ற குழுவில் பாட்டும் கிதாரும் அவர், பேஸ் கிதார் பால் கார்டினர், டிரம்ஸ் அவருடைய அங்கிள் ஜெஸ் லிட்யார்ட். ஆங்கிலத்தில் அங்கிள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். சித்தப்பாவா தாய்மாமாவா என்று தெரியாமல் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பங்க் அலை அடித்துக்கொண்டிருந்தது, ஒப்பந்தம் கிடைக்க அதுதான் வழி என்று ஏறிக்கொண்டார். இதை அவரே மறைத்ததில்லை. பெகர்ஸ் பாங்க்வெட், லண்டனில் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய நிறுவனம், அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ‘தட்ஸ் டூ பேட்’, ‘பாம்பர்ஸ்’ என்று இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டும் விற்பனைப் பட்டியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து ஒரு முழு பங்க் ஆல்பம் வேண்டும் என்றார்கள். பையன் கேம்பிரிட்ஜில் ஸ்பேஸ்வார்ட் ஸ்டூடியோவுக்குப் போனான். அங்கே முன்பு பதிவு செய்துவிட்டுப் போனவர்களின் மினிமூக் என்ற சிந்தசைசர் ஒன்று மூலையில் கிடந்தது. ஒரு கட்டையை அழுத்தினான். யாரோ திருகி வைத்துவிட்டுப் போயிருந்த குமிழ்களின் புண்ணியத்தில் அறையே அதிர்ந்தது. அந்த முன்னவர் மட்டும் குமிழைப் புல்லாங்குழல் சத்தத்தில் விட்டுப் போயிருந்தால் நீங்கள் இன்று எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

பங்க் ஆல்பம் கேட்ட நிறுவனத்தின் கையில் மின்னொலி கலந்த ஆல்பம் வந்து விழுந்தது. சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, 5,000 பிரதிகளை நீல நிறத் தட்டில் அழுத்தினார்கள். மறு ஆண்டு ‘ஆர் ஃபிரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்?’ பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. உடனே அதே முதல் ஆல்பத்துக்குப் புதுச் சட்டை மாட்டி விட்டார்கள். அது 14-ஆம் இடம் வரை போனது. ஆகவே கிளறல் 1984-ல் தொடங்கவில்லை, 1979-லேயே ஆரம்பம்.

1984-ல் நியூமன் அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு நியூமா என்று சொந்தமாகக் கடை போட்டார். மகன் தனிக்குடித்தனம் போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தால் அவனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு, அதுதான் ‘தி ப்ளான்’. எடைக்குப் போடாமல் விலைக்குப் போட்டார்கள். 29-ஆம் இடம். வியாபாரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். கிதார் அவசர அவசரமாகப் பறக்கிறது, பாதிப் பாட்டுகள் ஒன்றுபோல இருக்கின்றன. குரல் மட்டும் அப்போதே அந்தக் குளிர்ந்த, யாரையும் பார்க்காத குரல். மினிமூக் அந்த ஆளை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஆளுக்கு ஏற்ற அறையைக் கட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அவருடைய ‘கார்ஸ்’ பாட்டே பேஸ் கிதாரில் பிறந்ததுதான்.

அன்று கிதார்காரர்கள் சிந்தசைசரைப் பார்த்துப் பொத்தான் அமுக்கும் வேலை என்றார்கள். இன்று நீங்கள் சிந்தசைசர் பக்கம் நின்று கிதாரைக் குப்பை என்கிறீர்கள். கருவிக்குத் தீட்டு பார்ப்பது பழைய வியாதி. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை வாசலில் நிறுத்தி வைத்தது. இதை இந்தப் பக்கத்தில் பதினோராவது முறையாகச் சொல்கிறேன் என்று உதவி ஆசிரியர் கணக்கு வைத்திருக்கிறார். பன்னிரண்டாவது முறையும் சொல்வேன்.

நியாயமா என்றீர்கள். என்னிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் நான் எழுதிய கவிதைகளை என் தாடிக்கார நண்பர் ஒருவர், என்னைக் கேட்காமலே, என் மணிவிழா அன்று அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு கொடுத்தார். ஒரே கவிதையில் ‘நிலவே’ பதினேழு முறை. சம்பந்தி அதை உரக்க வாசித்தார். அந்த விவகாரத்தை இனி எடுப்பதில்லை என்று போன இதழில்தான் சத்தியம் செய்திருந்தேன். மூலப் பிரதி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.