கடல் கடந்து பணியிலிருக்கும் படைவீரர்களுக்குக் கடிதமும் பொதியும்: கேள்வி பதில்

என் மகன் அமெரிக்கக் கப்பற்படையில் சேர்ந்து முதன்முறையாகக் கடற்பணிக்குச் சென்ற நாளிலிருந்து, வெளிநாடுகளில் பணியிலிருக்கும் படைவீரர்களுக்குக் கடிதங்களும் பொதிகளும் அனுப்பும் தன்னார்வலர்களோடு சேர்ந்து 14 ஆண்டுகளாக உழைத்து வருகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு, என் அனுபவத்தில் அறிந்தவற்றைக் கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (டல்லாஸ், ஒரு தாய்): வணக்கம் அம்மா. எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகள் அறுபது பேர் கடிதம் எழுத விரும்புகிறார்கள். "ஏதேனும் ஒரு படைவீரருக்கு" என்று முகவரி எழுதி அஞ்சலில் சேர்த்துவிடலாமா?

முன்பு அவ்வாறு அனுப்ப இயன்றது, இப்போது இயலாது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆந்த்ராக்ஸ் நுண்ணுயிர் கலந்த கடிதங்கள் அமெரிக்காவில் அஞ்சல் வழியாக அனுப்பப்பட்டு ஐவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, பெயர் குறிப்பிடாமல் படைவீரர்களுக்கு வரும் அஞ்சலை ஏற்கும் திட்டத்தைப் பாதுகாப்புத் துறை அந்த ஆண்டே நிறுத்திவிட்டது. உங்களுக்குத் தெரிந்த வீரர் எவரும் இல்லையென்றால் ஓர் அமைப்பின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். 2003இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஆபரேஷன் கிராட்டிட்யூட், அதே ஆண்டில் தோன்றிய சோல்ஜர்ஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய இரண்டும் பரவலாக அறியப்பட்டவை. கடிதங்களை மொத்தமாக ஒரு பெட்டியில் வைத்து அவர்களுக்கு அனுப்பினால், அவர்கள் அவற்றைப் படித்துப் பார்த்து, தாங்கள் அனுப்பும் பொதிகளில் சேர்ப்பார்கள். அனுப்புவதற்கு முன் அந்தந்த அமைப்பின் விதிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டாமல் திறந்த தாளாக அனுப்பச் சொல்வதும், ஜிகினாத் தூள் ஒட்டிய அட்டைகளை மறுப்பதும் அவர்களிடையே வழக்கம்.

கேள்வி (அதே தாய்): குழந்தைகள் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது? தமிழில் எழுதலாமா?

முதற்பெயரும் வயதும் போதும். குடும்பப் பெயர், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவற்றைக் குழந்தைகள் எழுத வேண்டாம். அரசியல் வேண்டாம், போர் சரியா தவறா என்ற வாதமும் வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சேகரித்த கடிதங்களில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், "நீங்கள் யாரையாவது கொன்றிருக்கிறீர்களா?" என்று அழகான கையெழுத்தில் கேட்டிருந்தான். அவன் மீது குற்றமில்லை. எழுதும் முன் எவரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அன்று முதல், எழுதத் தொடங்குமுன் குழந்தைகளோடு கால்மணி நேரம் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைப் பிரிக்கப்போகிறவர் எப்படிப்பட்டவராக இருக்கலாம் என்று பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். வீட்டைவிட்டு வெகு தூரத்தில் இருபது வயதுப் பிள்ளை ஒருவன் கட்டிலில் உட்கார்ந்து இதைப் படிக்கிறான் என்று சொன்னால், குழந்தைகள் தாமாகவே தங்கள் நாய்க்குட்டியைப் பற்றியும், கால்பந்து ஆட்டத்தில் தோற்றதைப் பற்றியும், பாட்டி சுடும் தோசையைப் பற்றியும் எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட கடிதங்களைத்தான் வீரர்கள் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைக்கிறார்கள். "உங்கள் சேவைக்கு நன்றி" என்ற ஒரே வரியைக் கரும்பலகையிலிருந்து அறுபது பேரும் பார்த்து எழுதிய தாள்களை எவரும் ஒட்டி வைப்பதில்லை.

அமைப்புகள் படித்துப் பார்த்தே அனுப்ப வேண்டியிருப்பதால், கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. ஆயினும் ஓரத்தில் ஒரு கோலம் வரையலாம். "வணக்கம்" என்று தமிழில் எழுதி அதன் பொருளை அருகிலேயே குறிக்கலாம். எங்கள் குழுவின் கடிதங்களுக்கு வந்த பதில்களில் அந்தச் சொல்லைப் பார்த்து எழுத முயன்றிருந்த ஒன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேள்வி (சியாட்டல், ஓர் இளைஞர்): அக்கா, ஆஃப்கானிஸ்தான் போர் முடிந்துவிட்டதே, இப்போது யாருக்கு அனுப்புகிறீர்கள்?

தம்பி, 2021 ஆகஸ்டில் ஆஃப்கானிஸ்தானிலிருந்து படைகள் வெளியேறிய பின் பல ஊர்களில் தன்னார்வக் குழுக்கள் மெலிந்துவிட்டன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. குவைத், ஜிபூட்டி, போலந்து, தென்கொரியா என்று பல நாடுகளில் வீரர்கள் பணியில் இருக்கிறார்கள். விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் மட்டுமே ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாதக்கணக்கில் கடலில் இருப்பார்கள். செய்தித்தாளில் பெயர் வராத இடத்தில் இருப்பவருக்கும் வீட்டு நினைவு வரத்தான் செய்யும்.

கேள்வி (நியூஜெர்சி, ஒரு தந்தை): என் மகள் தரைப்படையில் இருக்கிறாள். அவள் அனுப்பிய முகவரியில் நாட்டின் பெயரே இல்லை. விடுபட்டுவிட்டதா?

விடுபடவில்லை ஐயா, அப்படித்தான் இருக்க வேண்டும். பெயர், படைப்பிரிவு எண், பெட்டி எண், அதன் கீழே ஏ.பி.ஓ. என்ற எழுத்துகள், பிறகு ஏ.ஈ., ஏ.பி., ஏ.ஏ. ஆகியவற்றில் ஒன்று, கடைசியில் ஜிப் எண் என்று எழுதுங்கள். ஏ.பி.ஓ. என்பது தரைப்படைக்கும் விமானப்படைக்கும் உரிய அஞ்சலகம், எஃப்.பி.ஓ. என்பது கப்பற்படைக்கு உரியது; டி.பி.ஓ. என்பது தூதரகங்களுக்கு உரியது. ஏ.ஈ. என்றால் ஐரோப்பாவும் மத்தியக் கிழக்கும் ஆப்பிரிக்காவும் கனடாவும், ஏ.பி. என்றால் பசிபிக் பகுதி, ஏ.ஏ. என்றால் கனடா நீங்கலாக அமெரிக்கக் கண்டத்தின் பிற நாடுகள். ஊரின் பெயரையோ நாட்டின் பெயரையோ நீங்களாகச் சேர்த்துவிட்டால், அந்தப் பொதி படையின் அஞ்சல் வழியை விட்டு விலகி அயல்நாட்டு அஞ்சலில் கலந்துவிடக்கூடும். மகளின் பெயரை முழுமையாக எழுதுங்கள். வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் உள்ளே இருக்கும் கடிதத்தில் இருக்கட்டும்.

இந்த முகவரிக்கு அமெரிக்க அஞ்சல் துறை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். தனியார் கூரியர் நிறுவனங்கள் ஏ.பி.ஓ. பெட்டிக்கு நேரடியாகக் கொண்டு சேர்ப்பதில்லை. பொதி எத்தனை ஆயிரம் மைல் சென்றாலும் உள்நாட்டுக் கட்டணமே. எடை 70 பவுண்டு வரை ஒரே விலையில் செல்லும் ஃபிளாட் ரேட் பெட்டிகளில், படை முகவரிகளுக்கென்றே விலை சற்றுக் குறைத்து விற்கப்படும் பெரிய பெட்டி ஒன்று உண்டு. பெட்டிகள், ஒட்டும் நாடா, முகவரிச் சீட்டு, சுங்கப் படிவம் ஆகியவை அடங்கிய தொகுப்பை அஞ்சல் துறையே இலவசமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது; அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சுங்கப் படிவத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுத வேண்டும். "பரிசு" என்று மட்டும் எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

கேள்வி (ஹூஸ்டன், ஒரு தாய்): பெட்டியில் எதை வைப்பது? அஞ்சப்பர் பிரியாணியைத் தவிர எல்லாவற்றையும் கேட்கிறான் என் மகன்!

முதலில் தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மது, எரிவாயு அடைத்த தெளிப்பான்கள், தீப்பெட்டி, லைட்டர் ஆகியவை கூடாது. மத்தியக் கிழக்கின் பல முகவரிகளுக்குப் பன்றி இறைச்சி சேர்ந்த உணவும் ஆபாசப் படங்களும் தடைசெய்யப்பட்டவை. ஒவ்வொரு ஜிப் எண்ணுக்கும் தனித்தனித் தடைகள் இருப்பதால், மகனின் எண்ணைச் சொல்லி அஞ்சலகத்திலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

அடுத்தது வெப்பம். குவைத்தில் கோடைக்காலத்தில் வெயில் 50 டிகிரி செல்சியஸை நெருங்கும். சாக்லேட் அங்கே போய்ச் சேரும்போது குழம்பாகியிருக்கும். அதைக் குளிர் மாதங்களுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, கோடையில் வறுத்த கடலை, முந்திரி, உலர்ந்த பழம், தண்ணீரில் கலக்கும் எலுமிச்சைப் பொடி போன்றவற்றை அனுப்புங்கள். எல்லோருக்கும் எப்போதும் பயன்படுபவை ஈரத்துடைப்பான், உதட்டுக் களிம்பு, பாதப் பவுடர், தடித்த காலுறை, சீட்டுக்கட்டு. பெண் வீரர்களுக்கு அனுப்புகிறவர்கள் தலைமுடி கட்டும் பட்டைகளையும், அவர்கள் விரும்பும் வகைச் சானிட்டரி நாப்கின்களையும் மறந்துவிடுகிறார்கள். அங்குள்ள கடையில் அந்த வகை கிடைக்காமற் போகலாம்.

நம் பலகாரங்களில் முறுக்கு, தட்டை, சீடை ஆகியவை பயணத்தைத் தாங்கும். அவற்றை ஒவ்வொரு படியாகக் காகிதம் இட்டு இறுக்கமாக அடுக்குங்கள். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. ஊறுகாயின் எண்ணெய் கசிந்துவிடும் என்பதால், தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்ட சிறு பொட்டலங்களாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். பருப்புப் பொடியும் அப்படியே; பெயரில்லாத பொடியை வீட்டுப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது சோதனை செய்பவரை வீணாகக் கவலைப்பட வைக்கும். வீட்டில் செய்த பலகாரம் நமக்குத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே. அமைப்புகள் அதை ஏற்பதில்லை, அது சரியான விதியும்கூட.

வாசனைச் சோப்பையும் உணவையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். என் முதல் பெட்டியில் சந்தனச் சோப்பும் தேன்குழலும் அருகருகே இருந்தன. மூன்று வாரம் கழித்து, "அம்மா, தேன்குழல் சோப்பு மாதிரி இருந்தது, ஆனாலும் தின்றேன்" என்று மகன் எழுதினான். வேறு வழியில்லையென்றால், சோப்பை இரண்டு ஜிப் பைகளுக்குள் வைத்து மூடுங்கள்.

கேள்வி (சிகாகோ, ஒரு பொறியாளர்): வீடியோ அழைப்பும் வாட்ஸ்அப்பும் இருக்கும் காலத்தில், காகிதக் கடிதத்திற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?

உண்டு என்று உறுதியாகச் சொல்கிறேன். பெட்டியா கடிதமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கடிதத்தையே தேர்ந்தெடுப்பேன். கப்பல்களில் இணையம் பல நாள்கள் வேண்டுமென்றே துண்டிக்கப்படும். அந்நிலையைக் கடற்படையினர் "ரிவர் சிட்டி" என்று அழைப்பார்கள். அந்த நாள்களில் கையில் இருப்பது சட்டைப்பையில் மடித்து வைத்த தாள்தான். அழைப்பு முடிந்தால் முடிந்ததுதான். கடிதத்தை இரவுக் காவலுக்குப் போகும் முன் மறுபடியும் படிக்கலாம்.

இதைப் படைத்தலைமை எவ்வளவு முக்கியமாகக் கருதியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு வந்த அஞ்சல், உரியவரைச் சேராமல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரக் கிடங்குகளில் மலைபோல் குவிந்துவிட்டது. 1945 பிப்ரவரியில் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் கறுப்பினப் பெண்களைக் கொண்ட 6888ஆவது அஞ்சல் படைப்பிரிவு அங்கே அனுப்பப்பட்டது. குளிரான கிடங்குகளில், இருட்டடிப்புச் செய்த சன்னல்களுக்குப் பின்னால், கெட்டுப்போன கேக்குகளைத் தேடிவரும் எலிகளுக்கு நடுவே, மூன்று வேளைப் பணிமுறையில் அவர்கள் உழைத்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்ததால், படை எண்ணைக் கொண்டு ஒவ்வொருவரையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. ஆறு மாதம் தரப்பட்ட வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள். அவர்கள் பிரித்து அனுப்பியவை ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம். கடிதம் வராவிட்டால் மனவுறுதி குறையும் என்பதே அவர்களுடைய முழக்கம். முகவரியைத் தெளிவாக எழுதும்படி நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி (சான் ஹோசே, ஒரு மாணவி): இது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய வழக்கமா?

இல்லை அம்மா. 1914 கிறிஸ்துமஸுக்கு, இங்கிலாந்தின் இளவரசி மேரியின் பெயரால் நிதி திரட்டிப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் புகையிலை வைத்தவர்கள், பிரான்சில் போரிட்ட இந்திய வீரர்களுக்குக் கற்கண்டும் மசாலாவும் வைத்தார்கள். பெறுகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்து அடுக்கிய பெட்டி அது என்பதால் எனக்கு அதன் மீது தனி மதிப்பு உண்டு.

இப்படி அனுப்பும் பொதிகளுக்கு இன்று வழங்கும் "கேர் பேக்கேஜ்" என்ற பெயரோ வேறு திசையிலிருந்து வந்தது. 1945இல் கேர் என்ற அமைப்பு, படைவீரர்களுக்கென்று தயாரித்து மிஞ்சிய உணவுப் பெட்டிகளை வாங்கி, போரால் பசித்திருந்த ஐரோப்பிய மக்களுக்கு அனுப்பத் தொடங்கியது. முதல் பெட்டிகள் 1946 மே மாதத்தில் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கின. வீரரிடமிருந்து மக்களுக்குப் போன சொல், இன்று மக்களிடமிருந்து வீரருக்குப் போகிறது.

கேள்வி (அட்லாண்டா, பெயர் வேண்டாம்): முகநூலில் அறிமுகமான ஒரு படைவீரர், விடுப்பில் வருவதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறார். அனுப்பலாமா?

ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள் சகோதரி. விடுப்பு பெறுவதற்கோ உணவுக்கோ மருத்துவத்திற்கோ எந்த வீரரும் பொதுமக்களிடம் பணம் கட்டச் சொல்வதில்லை. உண்மையான வீரர்களின் படங்களைத் திருடி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்கத் தரைப்படையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. உங்கள் நல்ல மனத்தைத்தான் அவர்கள் குறிவைத்தார்கள். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.

இதையொட்டி எல்லோருக்கும் ஒன்று: உங்கள் பிள்ளையின் ஏ.பி.ஓ. முகவரியையும், கப்பல் திரும்பும் தேதியையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஓராண்டாக மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். ஒரு பதிலும் இல்லை. நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள் ஐயா. போர்ப்பகுதியில் இருக்கும் வீரர், அஞ்சல்தலை ஒட்டும் இடத்தில் "ஃப்ரீ மெயில்" என்று தம் கையால் எழுதினாலே கடிதம் கட்டணமின்றி வந்து சேரும். ஆகவே அஞ்சல்தலை வாங்க இயலாமல் எழுதாதிருக்கிறார் என்று எண்ண வேண்டாம். களைப்பு, கூச்சம், முன்பின் தெரியாத பெரியவருக்கு என்ன எழுதுவது என்ற தயக்கம் ஆகியவைதான் காரணமாக இருக்கும். அஞ்சல் வந்து பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க அழைக்கும் நேரத்தில், தன் பெயர் வராது என்று தெரிந்தும் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் ஒருவராவது இருப்பார் என்று என் மகன் சொல்லியிருக்கிறான். உங்கள் கடிதத்தால் அவர் பெயர் மாதத்துக்கு ஒருமுறை அழைக்கப்படுகிறது.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு பாட்டி, பேரன் மூலமாக): என் பேத்தி ஜப்பானில் கப்பற்படையில் இருக்கிறாள். நான் இங்கிருந்து ஏதாவது அனுப்ப முடியுமா?

முடியும் பாட்டி. அமெரிக்காவிலுள்ள உங்கள் மகன் வீட்டுக்குக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். அவர்கள் அனுப்பும் அடுத்த பெட்டியில் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கட்டும். உங்கள் கையாலேயே, தமிழிலேயே எழுதுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், அலைபேசியில் அவள் அம்மா படித்துக் காட்டுவார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் சேர வேண்டுமானால், பெட்டி அமெரிக்காவிலிருந்து நவம்பர் மாதத்திலேயே புறப்பட வேண்டும். அதனால் தீபாவளிப் பலகாரம் சுடும் வாரத்திலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.