ஆடிக் காற்றும் ஆறு கயாக்குகளும்

பக்கக் காற்றில் என் நீளக் கயாக், அதாவது துடுப்புப் படகு, காற்று வரும் திசைக்கே திரும்பிக்கொள்கிறது. படகில் கோளாறா?

இல்லை. ஓடும் படகின் அணியம், அதாவது முன்முனை, நீரைக் கிழித்துக்கொண்டு போவதால் அங்கே நீரின் பிடி அதிகம். பின்முனையான அமரத்துக்கு அந்தப் பிடி இல்லை. காற்று அதை எளிதாகத் தள்ளிவிட, முகம் காற்றை நோக்கித் திரும்புகிறது. அடியில் ஏற்றி இறக்கும் ஸ்கெக் தகடு இருந்தால் பாதி இறக்கிப் பாருங்கள். முழுவதும் இறக்கினால் சில படகுகள் எதிர்ப்பக்கம் ஒதுங்கத் தொடங்கும்.

ஒருமுறை நானும் அரை மணி நேரம் இப்படி மல்லுக்கட்டினேன். கரையேறிப் பார்த்தால், முன் அறையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு! இருக்கைக்குப் பின்னால் மாற்றியதும் படகு ஓரளவு வழிக்கு வந்துவிட்டது. மணற்கரையிலிருந்து தள்ளி இறக்கும்போது ஸ்கெக் இடுக்கில் பொடிக்கல் சிக்கித் தகடு இறங்காமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தகட்டின் நுனியில் துளையிட்டுச் சிறு கயிறு கட்டிவைத்தால், பின்னால் வருபவர் இழுத்துவிடுவார்.

சுக்கான் வாங்கினால் தீர்ந்துவிடுமா?

திசை பிடிபடும். பக்கவாட்டில் அடித்துப்போவது நிற்காது.

எங்கள் குழுவில் நீளக் கயாக் மூன்று, மேலே அமரும் பிளாஸ்டிக் வகை இரண்டு, காற்றடைத்தது ஒன்று. காற்று வந்தால் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறோம்.

போகத்தான் செய்வீர்கள். காற்றடைத்த கயாக் நீருக்குள் அமிழ்வதே இல்லை. பந்துபோல் மேலே கிடக்கிறது. தண்ணீர் குடிக்க எல்லோரும் இரண்டு நிமிடம் நின்றால்கூட அது தனியே நழுவிவிடும். அதனால் அதைக் காற்று வரும் பக்கம் விடுங்கள். அடித்துவந்தாலும் குழுவை நோக்கித்தான் வரும். கைதேர்ந்தவர் ஒருவர் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இழுவைக் கயிறு அவரிடம்தான் இருக்க வேண்டும். காற்றுக்கு எதிராகக் கத்திப் பயனில்லை, ஆளுக்கொரு விசில் வேண்டும்.

நீளக் கயாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் ஓடிப்போய்க் காத்திருந்து, பின்தங்கியவர் மூச்சுவாங்கி வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பாதீர்கள். ஓய்வு உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. எனக்கு எரிச்சல் தரும் பழக்கம் இது.

நான் 80 கிலோ, மனைவி 50 கிலோ. ஒரே மாதிரிக் கயாக். காற்றில் அவர் மட்டும் திணறுகிறார்.

அவருடைய கைகளைக் குறை சொல்லாதீர்கள். எடை குறைவதால் படகு உயரமாக மிதக்கிறது. காற்றுக்குக் காட்டும் பக்கச்சுவரும் அதிகம். சுமையை அவர் படகில், இருக்கைக்கு அருகே ஏற்றுங்கள். முடிந்தால் சிறிய படகு எடுத்துக்கொடுங்கள்.

ஆடியில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் வடகரை குளம்போல் இருக்கிறதே, இறங்கலாமா?

அந்த அமைதிதான் ஆபத்து. அப்போது தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து பாக் விரிகுடாக் கடல் பக்கம் வீசும். கரையோரம் அலை எழ இடமில்லாததால் தண்ணீர் சமமாகத் தெரிகிறது. உள்ளே போகப் போக அலை வளரும். திரும்பும்போது முழுவதும் எதிர்காற்று. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் வெண்ணுரை அடிக்கடி தெரியும். புதியவர்கள் உள்ள குழு அதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். அம்மியே பறக்கும் மாதத்தில் காற்றடைத்த கயாக் எம்மாத்திரம்? அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.