பழைய பேப்பர் அடுக்கவா அமெரிக்கா அனுப்பினோம்?

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன், கோபம் புரிகிறது. கடன் வாங்கிப் பொருளாதாரம் படிக்க அனுப்பிய பெண் போன் பண்ணி, "காலேஜ் ஆர்கைவ்ஸ்ல வேலை கிடைச்சிருக்கு, பழைய பேப்பரை எல்லாம் பெட்டியில அடுக்கணும்" என்று சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். (ஆர்கைவ்ஸ் என்றால் ஆவணக் காப்பகம்.) கூடப் படிக்கிற பையன் பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்துவிட்டான் என்பதையும் அவளே உங்களிடம் சொல்லித் தொலைத்திருக்கிறாள். இருந்தாலும் வேலையை விடச் சொல்லாதீர்கள், ஒரு வருஷமாவது பார்க்கட்டும்.

முதலில் விசா பயத்தைத் தீர்த்துவிடலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம், வகுப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, விடுமுறையில் முழு நேரமும். இது எல்லா வேலைக்கும் சேர்த்த கணக்கு. ஆர்கைவ்ஸில் 12, கேன்டீனில் 10 என்று பிரித்துப் பார்த்தாலும் 22 ஆகிவிடும், அங்கே வம்பு வரும். அப்புறம், 'ஃபெடரல் வொர்க் ஸ்டடி' என்று போட்டிருக்கும் பணியிடங்கள் அந்த நாட்டு அரசின் கல்வி உதவிப் பணத்தில் நடப்பவை, விசாவில் போன நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அவளுடையது கல்லூரியே சம்பளம் கொடுக்கும் இடம்தானா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும். சம்பளத்தில் ஃபீஸ் கட்டிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். அந்த நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலர்தான், பல மாநிலங்களில் அதைவிட அதிகம், ஆனாலும் மளிகைக்கும் போன் பில்லுக்கும் வந்தாலே பெரிய விஷயம்.

இப்போது அந்த 'அடுக்குகிற' விஷயத்துக்கு வருவோம். ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் இறந்துபோகிறார், அவர் வீட்டிலிருந்து முப்பது அட்டைப்பெட்டி காப்பகத்துக்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கடிதங்கள், பாடக் குறிப்பு, கமிட்டி சண்டைகள், மின்சார பில், போட்டோ, எல்லாம் கலந்து கிடக்கும். துருப்பிடித்த கிளிப்பைத் தாள் கிழியாமல் எடுக்க வேண்டும், அமிலமில்லாத ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும், மேலே பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனாவைப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். (சினிமாவில் வெள்ளைக் கையுறை போட்டுக் காட்டுகிறார்களே, சாதாரணத் தாளுக்கு அது வேண்டாம்; விரலுக்குத் தொடு உணர்வு குறைந்து தாள்தான் கிழியும். போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும்தான் கையுறை.) நம் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றவும் கூடாது, அந்த மனிதர் எதை எதோடு சேர்த்து வைத்திருந்தார் என்பதே ஒரு தகவல். எல்லாம் முடிந்ததும் இந்த முப்பது பெட்டியில் என்ன இருக்கிறது, யார் எதற்குத் தேடி வரலாம் என்று, பெட்டிகளைப் பார்த்தே இராத ஒருவருக்குப் புரிகிற மாதிரி சில பக்கத்தில் எழுதுவார்கள். அந்த வழிகாட்டிக் குறிப்பை எழுதப் பழகுவதுதான் இந்த வேலையில் தங்கம்! பொருளாதாரம் படித்துவிட்டு எந்த ஆபீஸுக்குப் போனாலும், குவிந்து கிடப்பதைப் படித்து நாலு பக்கத்தில் சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.

நம் ஊரிலேயே பாருங்கள், கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு ஆயுளைச் செலவழித்துச் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அது 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அடுக்கி, பட்டியல் போட ஆள் இல்லாமல் அது நடந்திருக்குமா?

ஒரு செமஸ்டர் முழுக்க ஸ்கேனர் முன்னால் மட்டும் உட்கார வைத்தால் அது வேறு கதை. அப்படியானால் மேற்பார்வையாளரிடம் போய், "ஒரு சின்னத் தொகுப்பை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நானே செய்யட்டுமா" என்று கேட்கட்டும், தயங்க வேண்டாம். கல்லூரியின் பழைய வரவு செலவுக் கணக்குகள் இருந்தால் அதையே கேட்கச் சொல்லுங்கள், அவள் பாடத்துக்கும் பொருந்தும். சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பூஞ்சை பிடித்த பெட்டியை அவள் திறக்கவே கூடாது, முதல் நாளே சொல்லிவிடட்டும்.

இதையே தொழிலாக எடுக்கலாமா என்று கேட்டால், யோசித்துத்தான். அங்கே ஆர்கைவிஸ்ட் வேலைக்குப் பெரும்பாலும் நூலக அறிவியலில் முதுகலை கேட்பார்கள், இடங்களும் குறைவு, விசா எடுத்துக் கொடுக்கிற இடம் அதைவிடக் குறைவு. பட்டம் முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம், அதில் பார்க்கும் வேலை படித்த பாடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அளவுசார் பொருளாதாரம் என்ற பிரிவில் பட்டம் பதிவாகியிருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். தன் பட்டம் எந்தப் பிரிவுக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது என்பதை இப்போதே பார்த்து வைக்கட்டும், கடைசி வருஷத்தில் ஓடிப் பிரயோஜனமில்லை.

ரெஸ்யூமில் 'ஆர்கைவ்ஸ் மாணவ ஊழியர்' என்று ஒரு வரி போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எத்தனை பெட்டி, எந்தக் காலத்துத் தாள்கள், என்ன எழுதினாள், ஒரே பெயர் மூன்று விதமாக எழுதியிருந்ததை எப்படி ஒன்றாக்கினாள் என்று எழுத வேண்டும். அதற்கு இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வரட்டும்.

முதல் பே-ஸ்லிப் வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி (அந்த நாட்டு ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று வரி பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் பொதுவாக அந்த இரண்டும் பிடிக்கக் கூடாது. தவறிப் பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் அந்த மாதமே கேட்டுவிட வேண்டும்.