செல்லப்பிராணி கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பொமரேனியன் கலப்பு நாய்க்கு 4 வயது, எடை 7 கிலோ. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஓடும்போது திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி, நாலைந்து அடி நொண்டிவிட்டுச் சாதாரணமாக ஓடுகிறது. வலி மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: கூடாது. நமக்கான ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், முட்டிச் சில்லு தன் பள்ளத்தை விட்டு நழுவி, தானே திரும்புகிறது போலிருக்கிறது. சிறிய இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் இது சகஜம். கால்நடை மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே 4 நிலைகளில் எது என்று சொல்வார். முதல் நிலைக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. 3, 4 என்றால் தள்ளிப்போடாதீர்கள். சில்லு உரசி உரசி மூட்டு தேய்ந்துவிடும்.

வளவுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வெயிலுக்கு இதம். ஆனால் அந்த வழவழப்பில் நாய் திரும்பும்போது கால் வழுக்கி முட்டி முறுக்கிக்கொள்கிறது. அது ஓடும் வழியில் அடிப்பக்கம் ரப்பர் வைத்த மிதியடி போடுங்கள். கோரைப்பாய் சேர்ந்தே வழுக்கும். பாதத்தின் அடியில், விரல்களுக்கிடையே வளரும் முடியை வெட்டுங்கள். நடக்கும்போது நகம் தரையில் டக்டக்கென்று கேட்டால் அதையும் வெட்ட வேண்டும். திண்ணையிலிருந்தும் ஊஞ்சலிலிருந்தும் குதிக்க விடாதீர்கள்.

விலா எலும்பு லேசாகத் தடவினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் எடை கூடுதல். சாப்பாட்டைக் குறையுங்கள். மிச்சக் குழம்பை ஊற்றவே வேண்டாம்: அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.