சிவகளை இரும்பின் வயதை எப்படிக் கணித்தார்கள்?

நம் திருநெல்வேலிச் சீமையின் சிவகளைப் பரம்பில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழையது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் எனக் கேட்டிருக்கிறீர்கள். வயது கணிக்கப்பட்டது இரும்புக்கு அன்று. முதுமக்கள் தாழிக்குள் அதனோடு கிடந்த கரித்துண்டுக்கு. மரம் உயிரோடு உள்ளவரை காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் அணுக்களைச் சேர்க்கிறது. பட்டுப்போனபின் புதிதாக எதுவும் சேராமல், இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், எஞ்சிய அணுக்களை எண்ணிக் காலத்தை அறிகிறார்கள். இப்படிக் கிடைத்த கி.மு. 3345 என்ற காலக்கணிப்பைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. ஆனால் விறகு முதிய மரத்தின் உள்வைரமாக இருந்திருந்தால் (மரம் உயிரோடு இருக்கும்போதே உள்வைரம் புதிய கார்பனைச் சேர்ப்பதை நிறுத்திவிடும்) கரியின் வயது கூடுதலாகவே தெரியும். அதனால், அதே சிவகளைத் தாழியொன்றில் கிடைத்து கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்ட நெல்மணிகளையே நான் கூடுதலாக நம்புவேன். நெல் ஒரே பருவத்துப் பயிர்.