இஇஜிக்கு முன் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது என்பது ஏன்?

கேள்வி: அக்கா மகனுக்கு 12 வயது. அடுத்த வாரம் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை). எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறார்கள், ஏன்? ரிப்போர்ட் நார்மல் என்றால் வலிப்பு நோய் இல்லைதானே?

பதில்: மண்டைத்தோலில் கிடைக்கும் மூளை அலை பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். தேங்காய் எண்ணெய்ப் படலம் இருந்தால் அலையைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு சரியாகப் பிடிக்காது. தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை, வேண்டிய அளவான 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காமல், சிங்கப்பூர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். முதல் நாள் இரவே ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். கண்டிஷனர், ஜெல் வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் இறங்கி வெயிலில் நடந்து வந்தால் கொஞ்ச நேரம் ஏர்கானில் உட்காரட்டும். வியர்வையும் மெதுவாக ஏறி இறங்கும் அலையாகப் பதிவாகும், பார்ப்பவரைக் குழப்பும்.

நார்மல் என்று வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகாது. பதிவு ஓடுவது 20, 30 நிமிடம். அதற்குள் வலிப்பைக் காட்டும் கூர் அலை வந்தால்தானே பிடிபடும்? வலிப்பு உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் முதல் பதிவிலேயே தெரிகிறது. 3 நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் சொல்வதும், மின்னும் விளக்கும், தூக்கத்தைக் குறைத்து வரச் சொல்வதும் அந்தக் கூர் அலையை வரவழைக்கத்தான். வலிப்பின்போது கைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், மிகவும் உதவும். மருந்தை மட்டும் அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.