சராசரியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டி வகுத்துவிடுகிறார்கள், ஆனால் சராசரி என்றால் என்னவென்று கேட்டால் முழிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரு பை புளியங்கொட்டை போதும்.

ஐந்து பேரை வட்டமாக உட்காரவைத்து 3, 7, 5, 9, 6 என்று கொட்டைகளைக் கொடுங்கள். அதிகம் வைத்திருப்பவர் குறைவாக வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், எல்லோரிடமும் சமமாகும்வரை. கடைசியில் ஆளுக்கு 6 நிற்கும். அதுதான் சராசரி: நிரவல். ‘எல்லாவற்றையும் நடுவில் கொட்டிப் பங்கு பிரித்தால் சீக்கிரம் முடியுமே’ என்று யாராவது சொல்வார்கள். கூட்டி வகுப்பது அங்கேதான் பிறக்கிறது. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் பழைய எண்ணிக்கைக்கே திரும்பி, 9 வைத்திருந்தவரிடம் மட்டும் அதற்குப் பதில் 34 கொடுங்கள். சராசரி 11 ஆகிவிடும். ஆனால் நான்கு பேரிடம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது! ‘இது நியாயமா?’ என்று சண்டை வரும், வரட்டும். இப்போது ஏறுவரிசையில் நிற்கவைத்து, இரு முனையிலிருந்தும் ஒவ்வொருவராக உட்காரச் சொல்லுங்கள். நடுவில் மிஞ்சுபவர் கையில் அதே 6. வரிசையின் நடுவில் நிற்கும் இந்த எண்தான் இடைநிலை அளவு. 9 இருந்தபோதும் 6, 34 வந்தபோதும் 6, அது அசையவே இல்லை.

அடுத்து முகடு, அதாவது அதிக முறை வரும் அளவு. அதற்கு வகுப்பறை வாசலில் கிடக்கும் செருப்புகளே போதும். எண் வாரியாக அடுக்கச் சொல்லுங்கள், எந்த வரிசை நீளமோ அதுதான் முகடு. செருப்புக் கடைக்காரருக்குச் சராசரியைவிட இதுதான் உதவும்.